மைக்கக்கா வீட்டுத் தங்கமீன்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்வதுதான் அவள் வேலை. மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், எது கிளம்பப்போகிறது என்று பொழுதுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே பையைத் தொலைத்தவர், பிள்ளையைத் தேடுகிறவர், மாற்றி ஏறிவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர் எல்லாரையும் வழிக்குக் கொண்டுவருவதும் அந்தக் குரல்தான். அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் காய்கறிக் கடையில் "தக்காளி அரைக் கிலோ போடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்த்து, "நீங்க மைக்கக்காதானே?" என்று கேட்டுவிடுவார்.

வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். "நாள் முழுக்க கிளட்ச், பிரேக், கிளட்ச், பிரேக்னு கத்திட்டு வர்றேன். வீட்ல பேசற பொறுப்பு உன்னோடது" என்பார். அவரும் 'உம்' கொட்டுவதில் கைதேர்ந்தவர். மகள் படித்து முடித்து வேலைக்கு வேறு ஊர் போன பிறகும் அந்த வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. அவள் ஒருத்தி பேச்சே நாலு பேர் இருக்கிற மாதிரி வீட்டை நிறைத்திருந்தது.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டை கட்டியது. முதலில் கஷாயம், பிறகு மாத்திரை, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று சொல்லி, சின்னதாக ஓர் அறுவை செய்து எடுத்தார்கள்.

"நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை வரக்கூடாது. குசுகுசுன்னு பேசறதும் கூடாது, அது கத்தறத விட மோசம்" என்றார் டாக்டர்.

எத்தனை நாளைக்கு என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

போனில் எழுதிக் காட்டலாம்தான். ஆனால் ஒரு வாக்கியத்தை எழுத்துப் பிழை இல்லாமல் தட்டி முடிப்பதற்குள் அவளுக்குக் கோபமே ஆறிவிடும். ஆறிப்போன கோபத்தை எழுதிக் காட்டி என்ன பிரயோசனம்? அதனால் கை தட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. நிறுத்தாமல் தட்டினால், உங்களுக்கு அறிவு இருக்கா என்று அர்த்தம்.

அவளுடைய அக்கா பார்க்க வந்தாள். வந்தவள் காலை நீட்டி உட்கார்ந்து, மருமகளில் ஆரம்பித்து மாடிவீட்டுக்காரி வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். "பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான்டி உங்கிட்ட ஒரு கதைய நான் முழுசா சொல்லியிருக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா போன பிறகு வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆனது. குளிர்பெட்டி உறுமுவதும் குழாய் சொட்டுவதும் இத்தனை சத்தமா என்று அவளுக்கே ஆச்சரியம். மாஸ்டர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, எதிரில் உட்கார்ந்து பழக்கதோஷத்தில் "உம்" என்பார். எதற்கு உம் என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம் அவர் காரின் பின்சீட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியை அலுங்காமல் இறக்கினார். கூடவே கூழாங்கல் மூட்டை, காற்று ஊதுகிற மோட்டார், தண்ணீரைச் சுத்தம் செய்கிற பஞ்சு வைத்த பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு தங்கமீன்கள்.

"உனக்குத் துணைக்கு" என்றார்.

வாய் பேசக் கூடாதவளுக்கு வாய் பேசாத துணையா, நல்ல பொருத்தம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் நாளெல்லாம் பிள்ளைகளைப் பார்த்து அவசரப்படாதே, அவசரப்படாதே என்று சொல்கிற மனுஷர், சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் மண்டியிட்டுக் கூழாங்கல்லைக் கழுவுவதைப் பார்த்தபோது இரண்டு தட்டு தட்ட மனம் வரவில்லை.

"கடைக்காரர் என்னவோ தொட்டிய மட்டும் முதல்ல கொண்டுபோய் கொஞ்ச நாள் ஓடவிடுங்க, மீன அப்புறம் வாங்கிக்கலாம்னு சொன்னார்" என்றார், தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "வெறுந்தண்ணி சுத்தறத உக்காந்து யாரு பாக்கறது? வித்தாதான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டு வந்தேன்."

அன்றே தண்ணீர், அன்றே மீன். விளக்கைப் போட்டதும் அறையின் அந்த மூலையே உயிர் பெற்ற மாதிரி இருந்தது. உருண்டையாக, ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது ஒன்று. அதற்கு அவள் மனசுக்குள் குண்டு என்று பேர் வைத்தாள். இன்னொன்று ஒல்லி, வால் மட்டும் வெள்ளை; அது வாலு. இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு சத்தம் கிடையாது. அவளும் பதிலுக்கு வாயைத் திறந்து மூடினாள். அந்த வீட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அதன் பிறகு காலைக் காப்பி தொட்டிக்கு முன்னால்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும், குண்டு தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆடி அசைந்து முன்னால் வந்துவிடும். தீனி போடுவதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் போட்டி. மாஸ்டர் போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை. அவர் போட்டது தெரியாத மாதிரி இவள் ஒரு சிட்டிகை. "பாவம், வாயத் திறந்து திறந்து கேக்குது பாரு" என்பார் அவர். மீன் எப்போதும் வாயைத் திறந்து திறந்துதான் மூடும் என்பது இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

தண்ணீர் மெல்லப் பால் கலந்த மாதிரி ஆனது. குண்டு முன்னால் வருவதை நிறுத்தியது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, குளிரில் கையைக் கட்டி நிற்கிறவனைப் போல ஒரு மூலையில் நின்றது. வாலில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடின. வாலு மட்டும் அங்கும் இங்கும் போய், திரும்பி வந்து அதன் பக்கத்தில் நிற்கும்.

மாஸ்டர் சட்டையின் கையை மடித்துவிட்டார். தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார். கூழாங்கல்லைத் தேய்த்தார். பஞ்சைக் குழாயடியில் வைத்து, அழுக்கு போகப் போகப் பிழிந்து, கடையில் வாங்கியபோது இருந்ததைவிட வெள்ளையாக்கினார். "சர்வீஸ் பண்ணியாச்சு" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் குண்டு தேறிய மாதிரி இருந்தது. மறுநாள் மேலே வந்து காற்றுக்காக வாயைப் பிளந்தது.

அடுத்து, வேறு ஒரு கடையிலிருந்து நீல மருந்து வந்தது. "என்ஜின் சூடேறினா கூலன்ட் ஊத்தறோம் இல்ல, அது மாதிரிதான்" என்று சொல்லி, அளவு மூடியைப் பார்க்காமலே சாய்த்தார். தொட்டி முழுக்க மைக்கூடு கவிழ்ந்த நிறம். உள்ளே மீன் இருப்பதே தெரியவில்லை. அவள் தட்ட ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. மாஸ்டர் புட்டியை மூடிவிட்டுக் குற்றவாளி போல நின்றார்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார் சின்னக் குரலில்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு அவள் தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தாள். அந்த நீலத்துக்குள் குண்டு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணாடியைத் தட்டினாள். செவுள் ஒரு தரம் லேசாகத் தூக்கி அடங்கியது. அவ்வளவுதான். அவள் தொண்டைக்குள் 'அய்யோ' என்று ஒன்று எழும்பி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். எத்தனையோ தொலைந்த பிள்ளைகளை ஒரே வாக்கியத்தில் அம்மாவிடம் சேர்த்தவள், கைக்கெட்டுகிற தூரத்தில் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவரைக் கூப்பிட முடியாமல் நின்றாள். செருப்பை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. மாஸ்டர் தொட்டி வாங்கிய கடை வாசலில் மூச்சு வாங்கி நின்றபோதுதான், போன் வீட்டில் சார்ஜில் கிடப்பது நினைவுக்கு வந்தது.

கடை நீளமான, இருட்டான அறை. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற தொட்டிகள், எங்கும் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். கடைக்காரர் கையில் வலையோடு, முழங்கை வரை நனைந்து நின்றார்.

"வாங்கம்மா. என்ன வேணும்?"

அவள் தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினாள்.

"தொண்டையா? எதாவது மாட்டிக்கிச்சா? தண்ணி தரட்டுமா?"

இரண்டு தட்டு. அவருக்கு என்ன புரியும்? எழுதிக் காட்டுகிறேன் என்று விரலால் காற்றில் கிறுக்கினாள். அவர் பேனாவும் ஒரு காகிதமும் கொடுத்தார். அவள் எழுதி நீட்டியதை ஈரக்கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேனேம்மா" என்றார். அதற்குள் மை கலைந்து காகிதமே ஊறிப்போனது. பிறகு, அவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, கடை அதிர, "மீன் வாங்க வந்தீங்களா?" என்று கத்தினார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கமீன் இருக்கிற தொட்டியைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் இடுப்போடு ஒட்டி மடக்கிக்கொண்டாள். கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, அண்ணாந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு, முக்கால்வாசி விழுந்தாள். தீனி வாங்க வந்திருந்த ஒருவர் பயந்து ஒதுங்கினார்.

கடைக்காரர் முகம் மாறியது. வலையைக் கீழே வைத்தார்.

"துடுப்ப மடக்கிக்கிச்சு. மேல வந்து மூச்சு விடுது. இப்பச் சாஞ்சு படுத்திடுச்சு. அதானே?"

அவள் தலையை ஆட்டி ஒரே ஒரு தட்டு தட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"தொட்டி புதுசா?"

தட்டு. வீட்டுக்காரர் என்பதைச் சொல்ல, காற்றில் ஸ்டியரிங் பிடித்து, கியர் போட்டு, பிரேக்கை மிதித்துக் காட்டினாள்.

"அட, மாஸ்டர் வீட்டம்மாவா! அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கிட்டேன், மீன அப்புறம் வாங்கிக்கலாம்னு. கேட்டாரா மனுஷன்? நானும் அன்னிக்குக் கறாரா இருந்திருக்கணும்." அவர் பேசிக்கொண்டே உள்ளே எதையோ தேடினார். "மீனுக்கு நோய் இல்லம்மா. தண்ணிக்குத்தான் நோய். மீன் போற கழிவும், மிச்சம் கிடக்கிற தீனியும் தண்ணியில விஷமா மாறும். அத தின்னு தீக்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க பஞ்சுல வளரணும். புதுத் தொட்டியில அது ஏது? பஞ்ச கழுவினீங்களா?"

தட்டு. தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள்.

"குழாத் தண்ணியிலயா? வந்த ஒண்ணு ரெண்டும் போச்சு." அவர் தன் தொட்டி ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து, அந்தத் தண்ணீரோடேயே பையில் போட்டுக் கட்டினார். "இத உங்க பஞ்சுக்குப் பக்கத்துல வச்சிடுங்க. பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. அழுக்கா இருக்கேன்னு மாஸ்டர் கழுவிடப் போறார், பாத்துக்குங்க. தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணிய மட்டும் மாத்துங்க. குழாத் தண்ணியில இந்தச் சொட்டு மருந்து விட்டு, தொட்டித் தண்ணி எவ்வளவு சூடோ அதே சூட்டுல ஊத்தணும். கல்லுப்பு கொஞ்சம் கரைச்சு விடுங்க. நீல மருந்து எதாவது ஊத்தியிருந்தா, அத மறந்துடுங்க. ரெண்டு மூணு நாளைக்குத் தீனியே வேணாம்."

அவள் தீனி போடுவது போல் விரலைக் குவித்துக் கெஞ்சினாள்.

"பட்டினி போட்டா சாகாது. பாசத்தக் கொட்டினாத்தான் சாகும்" என்றார் அவர். பிறகு சொட்டு மருந்தை எடுத்துக்கொடுத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போல, "எனக்கே இப்பப் போதாத காலம். மீன் பார்சலெல்லாம் பஸ்லதான் வரும். எந்த வண்டி எங்க நிக்குதுன்னு மைக்கக்கா சொல்லுவாங்க, கண்ண மூடிட்டுப் போய் எடுத்துக்குவேன். கொஞ்ச நாளா வேற யாரோ பேசறாங்க. ஒண்ணும் விளங்கல. பார்சல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தம்மாவுக்கு என்ன ஆச்சோ" என்றார்.

அவள் பஞ்சுப் பையை மேசைமேல் வைத்தாள். பிறகு கைமுட்டியை மடக்கி உதட்டுக்கு முன்னால் மைக் போலப் பிடித்தாள். இன்னொரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

"நீங்களா?" என்றார். "தொண்டைன்னு காட்டினீங்களே... நான் வேற செவிடுன்னு நெனச்சுக் காட்டுக்கத்து கத்திட்டேன்." வலையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "சரியாயிடும்மா. முதல்ல வீட்டுக்கு ஓடுங்க. மீனக் காப்பாத்துங்க."

அன்றைக்கு மத்தியானம் அவளே வாளி சுமந்தாள். நீலத் தண்ணீரை மொண்டு மொண்டு கொட்டினாள். ஒரு கையைத் தொட்டியிலும் ஒரு கையை வாளியிலும் விட்டு, பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் விளாவுகிற மாதிரி சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினாள். சாயங்காலம் மாஸ்டர் வந்தபோது முந்தானை நனைந்து, தலை கலைந்து, தரையில் உட்கார்ந்திருந்தாள். பழுப்புப் பஞ்சைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டது. ஒரு அடி விழுந்தது, கையில்தான்.

மறுநாள் அவர் கடைக்குப் போய் விவரம் கேட்டு வந்தார். வந்தவர் வாளியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "நான் தூக்கறேன். நீ சூடு மட்டும் பாரு" என்றார். அதிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதுதான் அவருக்கு முதல் வேலை. ஊற்றும்போது பேச மாட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் மீனை மிரட்டிவிடக் கூடாது என்று ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் வழியவிடுவார்.

குண்டு முதலில் நிமிர்ந்தது. பிறகு துடுப்பை விரித்தது. அப்பாடா என்று இருக்கும்போது, அதன் ஆரஞ்சு உடம்பில் அங்கங்கே கறுப்புத் திட்டுகள் தெரிந்தன, கரித்துணியால் தொட்ட மாதிரி. மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அழுகுதோ?" என்று கேட்டார். அவளுக்கு ஒரு தட்டும் தட்டத் தெரியவில்லை, இரண்டு தட்டும் தெரியவில்லை. அவர் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து வாசலிலிருந்தே கத்தினார்:

"ஆறுதாம்! புண்ணு ஆறினா அப்படித்தான் கறுக்குமாம்! விஷத்தண்ணி சுட்ட இடமாம். போகப் போகப் போயிடுமாம், இல்ல கொஞ்சம் நின்னாலும் நிக்குமாம். ஒண்ணும் பயமில்லையாம்!"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு சிட்டிகை போட்டார்கள். குண்டு மேலே வந்து, யோசித்து, ஒரு துணுக்கைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்விக்கொண்டது.

டாக்டர் அனுமதி கொடுத்த நாளில் குழலை விட்டுத் தொண்டையைப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு. எதாவது சொல்லுங்க பாப்போம்" என்றார். அவள் தன் பெயரைச் சொன்னாள். குரல் வந்தது. ஆனால் பக்கத்து அறையிலிருந்து வேறு யாரோ சொன்ன மாதிரி, அடித்தொண்டையில், கொஞ்சம் சொரசொரப்பாக வந்தது. "இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார் மாஸ்டர். "கொஞ்சம் மாறலாம். ஆனா கெடாது" என்றார் டாக்டர். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. பேசலாம் என்று விட்ட பிறகுதான் பேசப் பயமாக இருந்தது. இந்தக் குரலை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அறைக்குள் எப்படி உட்காருவது?

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியிடம் போனாள். மாஸ்டர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து, "சாப்டியாடா?" என்று கேட்டாள்.

டம்ளர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"உங்ககிட்ட இல்ல, மீன்கிட்ட கேட்டேன்."

"பரவாயில்ல, சொல்லு."

"இனிமே அந்தப் பஞ்ச குழாயடிக்கு எடுத்துட்டுப் போனீங்க, நடக்கறதே வேற" என்றாள். அவர் இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கி அவள் பார்த்ததே இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது முதலில் அரை நாள்தான் பேசச் சொன்னார்கள். கண்ணாடி அறை துடைத்து வைத்திருந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தினாள். முதல் அறிவிப்பைச் சொன்னாள். தன் குரல் மேற்கூரையில் மோதி, புதிதாக, கனமாகத் திரும்பி வருவதைக் கேட்டாள். கீழே சிலர் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சொன்ன இடத்துக்குச் சரியாகப் போனார்கள். அது போதும் என்று தோன்றியது. அடுத்ததைச் சொன்னாள்.

அன்றைக்கு நடந்த இன்னொரு விஷயம் அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாஸ்டரிடம் வண்டி பழகிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்:

"நல்லாத்தான்க்கா ஓட்டிட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு மதில் பக்கம் வந்ததும் ஓரமா நிறுத்துன்னுட்டார். இன்டிகேட்டர் போட மறந்துட்டேனா மாஸ்டர்னு கேட்டேன். இல்லைன்னார். என்ஜினயும் ஆஃப் பண்ணச் சொன்னார். பயந்துட்டேன். வகுப்பு நேரம் முடியற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தோம். நடுவுல நான் எதோ பேச வாயத் திறந்தேன், உஷ்னுட்டார்."

மைக்கக்கா மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மும்முரமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னொரு வகுப்பு சும்மா எடுத்துக் குடுங்க" என்றாள்.

"உம்" என்றார் அவர்.